கப்பலூர் தாண்டியாச்சு

முதலில் இரவு ஒன்பதுக்கு மேல்தான் அப்படி.
இந்த மாதம் பிறந்ததிலிருந்து பகலிலும்.
ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் கோப்பு
அறுபத்தொன்று சதவீதத்தில் குந்திவிடுகிறது,
கோரிப்பாளையம் சிக்னலில் ஷேர் ஆட்டோ மாதிரி.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து.
இரண்டு கேமரா, ஒரு ட்ரோன்.
தாய்மாமன் சீர் மட்டும் நாற்பது நிமிடம்:
லாரியில் நின்றுகொண்டே வந்த பீரோ,
பதினொரு கிடாய்,
மைக்கில் பெயர் மாறி வந்ததால்
கடைசிவரை முகம் திருப்பிய ஒரு சித்தப்பா.
எல்லாம் சேர்த்து எண்பத்தாறு ஜிபி.
ராஜபாளையத்தில் சுப்பராஜா நிறம் திருத்தித் தர வேண்டும்.
என் கணினியிலிருந்து அவன் கணினிக்கு,
துண்டு துண்டாக,
நடுவில் யாரும் இல்லாமல்.

நடுவில் யாரும் இல்லை என்றுதான்
நாங்கள் நினைத்திருந்தோம்.

வேகத்தை அளந்தால் முள் நூறைத் தொடுகிறது.
அடுத்த அறையில் மகள் பார்க்கும் பூனைக் காணொளி
ஒரு வட்டம்கூடச் சுற்றாமல் ஓடுகிறது.
என் கோப்புக்கு மட்டும்
நொடிக்கு முப்பது கேபி.
இன்னும் பதின்மூன்று நாள் என்கிறது திரை.
அதற்குள் பிள்ளைக்குக் காதுப் புண்ணே ஆறிவிடும்.
இருபத்தொன்பது.
பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டு, பதினொன்று.

சேவை மையத்துப் பெண்ணின் பெயர் ரோஸ்லின்.
மோடத்தை அணைத்து முப்பது எண்ணச் சொன்னாள்.
எண்ணினேன்.
மறுபடி எண்ணச் சொன்னாள்.
மூன்றாம் தடவை
பதினேழு பதினெட்டு வரும்போது
அவளும் கூடச் சேர்ந்து எண்ணுவது கேட்டது.
‘வேற ஏதாவது உதவி வேணுமா சார்?’
முதல் உதவியே இன்னும் வந்து சேரலையே தாயி.

ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன்.
‘அளவற்ற’ என்ற சொல்லின் தலையில்
எறும்பு உட்கார்ந்தது போல் ஒரு நட்சத்திரம்.
தட்டிவிட்டேன், போகவில்லை.
அதன் அடியைத் தேடி நாலாம் பக்கம் போனால்
‘நியாயமான பயன்பாடு’.
நியாயத்தை இத்தனை சிறிய எழுத்தில்
நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

லைன்மேன் நாகூர்கனி வந்தான்.
நாலு பச்சை விளக்கையும் விரலால் தொட்டுக் காட்டினான்.
லைன் சுத்தமாக இருக்கிறதாம்.
டீக்கடையில்தான் குரலை இறக்கினான்:
‘நீங்க அனுப்புற விதம்ணே.
அந்த வழியில போனாலே திருட்டுப் படம்னு
மேல எழுதி வச்சிருக்காய்ங்க.
பெட்டியத் திறந்தெல்லாம் பாக்கிறதில்ல,
சாயலப் பாத்தே ஓரங்கட்டிர்றது.’

அப்ப பதினொரு கிடாயும் திருட்டுக் கிடாயா?

சிரித்தான். டீக்குக் காசு அவனே கொடுத்தான்.
‘எங்க வீட்லயும் இதே கனெக்‌ஷன்தாண்ணே.’

விடியலில் ஹார்ட் டிஸ்க்கைப் பனியனில் சுற்றி
மகளின் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து
மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோனேன்.
ராஜபாளையம் வண்டியின் நடத்துநர் பையைத் தூக்கிப் பார்த்தார்.
‘உள்ள என்னங்க?’
‘ஒரு காதுகுத்து.’
‘மொய் எழுதணுமா?’ என்று கேட்டுக்கொண்டே
தன் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.
ஐம்பது ரூபாய்.

கப்பலூர் டோல்கேட்டை
இதுவரை நான் வாழ்த்தியதே கிடையாது.
அன்றைக்கு வாழ்த்தினேன்.
அங்கே சக்கரத்தைத்தான் எண்ணுகிறார்கள்.
யார் யாருக்கு எதைக் கொண்டுபோகிறார்கள் என்று
சாயல் பார்ப்பதில்லை.
வாங்குவதை வாங்கிவிட்டுக் கம்பைத் தூக்குகிறார்கள்.

‘கப்பலூர் தாண்டியாச்சு’ என்று நடத்துநர் சொன்னபோது
திரையில் அறுபத்தொன்று புள்ளி ஏழு.
சுப்பராஜா பையை வாங்கிக்கொண்டு
‘ஏண்டா, டப்பாவுல ஒரு முறுக்கு கிடக்கு’ என்றபோது
அறுபத்தொன்று புள்ளி எட்டு.

சாயங்காலம் ரோஸ்லின் கூப்பிட்டாள்.
‘சார், உங்க பைல் போயிடுச்சா?’
‘போய்ச் சேந்துருச்சும்மா.’
‘ரொம்ப சந்தோஷம் சார்.’
உண்மையாகவே சந்தோஷப்பட்டாள் போலிருந்தது.
புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது.

கோப்பை நான் நிறுத்தவில்லை.
மாதம் முடியும்வரை காசு கட்டியிருக்கிறேன்.
ஓடட்டும்.