நீலப் பை

நான்காவது முறையும் அதே பையில்தான்.
வைதோதஸ் போட்ட கத்தலில்
கீழ்வீட்டு நாய் பதில் சொன்னது.
"வேண்டுமென்றே செய்கிறாள்.
என் கண்ணைப் பார்த்துக்கொண்டே செய்கிறாள்."
பில்கே அலமாரியின் உச்சியில்
வாலைக் கால்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டு
எங்களைப் பார்க்காமல்
கேட்டுக்கொண்டிருந்தாள்,
ஒரு காது அவன் பக்கம், ஒரு காது என் பக்கம்.

லாரி ஓட்டுகிறவன்.
க்ளாய்பெடா துறைமுகத்தில் ஏற்றியதை
ஸரகோஸாவில் இறக்குவான்.
ஆறு வாரம் சாலை, இரண்டு வாரம் வீடு.
நான் செயற்கைப் பல் செய்கிறவள்.
மெழுகு ஒரு மயிரிழை உயர்ந்துவிட்டால்
எங்கோ ஒரு மனிதருக்கு ரொட்டி இறங்காது என்று தெரியும்.
ஒரு பூனை ஏன் பையில் மூத்திரம் பெய்கிறது
என்று தெரியாது.

டாக்டர் ஸ்கைஸ்தே பூனையைத் தொடவே இல்லை.
கூடையைத் திறந்துவைத்துவிட்டு
என்னைத்தான் விசாரித்தார்.
எந்தப் பை? எப்போது கீழே இறங்கும்?
திரும்பி வரும்போது அதில் என்ன வாசம்?
டீசல், என்றேன். பிரெஞ்சுக் கழிப்பறைச் சோப்பு.
யாரோ ஒருவருடைய நாய்.
"உங்கள் வீட்டு வாசம்?"
யோசித்தேன்.

பழிவாங்குவதென்றால்
நேற்றை எடுத்து நாளைக்கென்று மூடிவைக்க வேண்டும்,
அது நமக்குத்தான் கைவந்த கலை, என்றார்.
இவளுக்குப் பயம்.
பயந்த இடத்தில் தன் வாசத்தை ஊற்றிக்கொள்கிறாள்.
அதற்கு மேல் எனக்கும் தெரியாது,
எந்தப் பூனையும் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.
நாற்பது யூரோ.

கண்ணை மெல்ல மூடித் திறந்து காட்டச் சொல்லுங்கள்,
என்று வாசல்வரை வந்து சொன்னார்.
பூனை கண்ணை மூடினால்
பூலோகம் இருண்டு போகுமா என்று
கேலி பேசிப் பழகியிருக்கிறோம்.
கொஞ்ச நேரம் பூலோகத்தை நீ பார்த்துக்கொள் என்று
நம்மிடம் விட்டுவைக்கிற வேலையாம் அது.

மே மாதம் அவன் வந்து கையை நீட்டியபோது
பில்கே சீறினாள்.
அவன் முகம் தொங்கிப்போயிற்று.
"ஆறே வாரத்தில் மறந்துவிட்டாள்."
நான் வாயைத் திறக்கவில்லை.
முதல் இரவு நானும்
கட்டிலின் ஓரத்தில்தான் படுக்கிறேன்.
அவன் கழுத்தில் வேறு ஊர் மணக்கும்.
நம் குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை குளித்த பிறகுதான்
என் மூக்கு அவனை உள்ளே விடும்.
பதினோரு வருடமாக இதைச் சொன்னதில்லை.
சீறியதும் இல்லை.

டாக்டர் சொன்னபடி
கோட்டைக்கூடக் கழற்றாமல் நடையில் தரையில் உட்கார்ந்தான்.
பூனையின் பக்கம் திரும்பாமல்
கண்களை மெல்ல மூடினான்.
திறக்கவில்லை.
மூவாயிரம் கிலோமீட்டர் தூக்கம் பாக்கி.

குறட்டையைக் கேட்டுக்கொண்டு
பில்கே நெடுநேரம் நின்றாள்.
பிறகு வந்து அவன் பூட்ஸ் நுனியில்
இடது கன்னம், வலது கன்னம்,
மறுபடி இடது கன்னம்,
தபாலாபீஸ் பெண் முத்திரை குத்துகிற அவசரமின்மையோடு.
எனக்குத் தொண்டை அடைத்தது.
அது முடிந்ததும் நேராகப் போய்
பையில் பெய்தாள்.

பயமா? வரவேற்பா? ரசீதா?
நான் சிரித்த சிரிப்பில் சுவரில் மாட்டிய சாவிகள் ஆடின.
அவன் விழிக்கவில்லை.

ஜூனில் கிளம்பினான்.
அந்தப் பையை நான் துவைக்கவில்லை.
வெளிப்பக்கம் ஒரு துடைப்பு,
உள்ளே நாலு சட்டை, ஷேவிங் பெட்டி, கறுப்பு ரொட்டி.
அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.
பில்கே ஜன்னல் மேட்டில் உட்கார்ந்து
அவன் போவதைப் பார்க்காமல்
ஒரு கடற்காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அது எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

போலந்து எல்லையைத் தாண்டியதும் போன் செய்தான்.
"கேபின் முழுக்க நாறுகிறது, ரமூனே."
கண்ணாடியை இறக்க வேண்டியதுதானே, என்றேன்.
கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் பேசியது.
"வெளியே குளிர்," என்றான்.
ஜூன் இருபது.