தகட்டின் கனம்

முப்பத்தொரு வருடம் கப்பல் தகடு அளந்தேன்,
ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகத்தில்.
பெயிண்டைச் சுரண்டி, பசை தடவி
கருவியை வைத்தால் எண் சொல்லும்.
பத்து மில்லிமீட்டர் எட்டுக்கு வந்துவிட்டால்
சாக்பீஸால் கட்டம் போடுவேன்:
வெட்டியெடு, புதுசு வை.
கெஞ்சாத கேப்டன் இல்லை.
இன்னும் ஒரே ஒரு சீசன், ஸ்வெர்ரே, என்பார்கள்.
என்னிடம் ஏன், கடலிடம் கேளுங்கள் என்பேன்.

போன வருடம் நவம்பரில்
உருளைக்கிழங்குப் பெட்டியைத் தூக்கினேன்.
பெரிய பாரமில்லை.
முதுகுக்குள் யாரோ
காய்ந்த ரொட்டியைப் பிட்டதுபோல் ஒரு சத்தம்,
அல்லது சத்தம் என்று நான் நினைத்துக்கொண்டது.
அதன்பிறகு சட்டைகளெல்லாம் நீளமாகிவிட்டன.
கால்சட்டை அப்படியேதான் இருந்தது.
"குட்டையாகிறாய்" என்றாள் ஓட்னி,
"சலவை இயந்திரத்தைக் குறை சொல்லாதே."

எலும்புப்புரை என்றார் டாக்டர் ஹாக்லி.
அது பெண்களுக்கு வருவதல்லவா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
ஆஸ்துமாவுக்கு வருடக்கணக்காய் விழுங்கிய ஸ்டீராய்டு,
பைப் புகை,
இரண்டு மாதம் சூரியன் எட்டிப் பார்க்காத ஊர்,
ஒவ்வொன்றாய் விரல் மடக்கினார்.
திரையில் என் இடுப்பு.
கழித்தல் இரண்டு புள்ளி ஒன்பது.
எண்ணைப் பார்த்ததும்
கை தானாகச் சட்டைப்பையில் சாக்பீஸ் தேடியது.

முதலில் வாரம் ஒரு மாத்திரை.
வியாழன் விடியலில் வெறும் வயிறு,
டம்ளர் நிறையத் தண்ணீர்,
பிறகு அரைமணி நேரம் படுக்கக் கூடாது.
எழுபத்துமூன்று வயதில்
வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையனாய்
ஜன்னலோரம் நின்றேன்.
மூன்றாம் வியாழன் பாதியில் படுத்துவிட்டேன்.
யாருக்குத் தெரியப்போகிறது?
நெஞ்சுக்குத் தெரிந்தது.
நாலு நாள் ஓட்ஸ் கஞ்சிகூட நெருப்பாய் இறங்கியது.

ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி உண்டு, நல்ல ஊசிதான்,
ஆனால் நினைத்தபோது நிறுத்த முடியாது,
நிறுத்தினால் சேர்த்ததெல்லாம்
மளமளவென்று இறங்கிவிடும் என்றார்.
நான் மறதிக்காரன்.
வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவதைப் பிடித்துக்கொண்டேன்.
அதற்கு முன், ஆடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி
புண் ஆறியபின் வரச் சொன்னார்கள்.
இடுப்புக்கு ஒரு பல். கணக்கு நேர்தான்.
ஏற்றிய இரவு காய்ச்சலில் நடுங்கினேன்.
இரண்டு கம்பளி போர்த்தினாள் ஓட்னி, திட்டிக்கொண்டே.

மீதியெல்லாம் சில்லறை வேலை.
பெயரில் 'ர' வரும் மாதங்களில் ஒரு கரண்டி மீனெண்ணெய்.
பைப் இழுப்பறையில் கிடக்கிறது,
சில நாள் மோந்து பார்ப்பதோடு சரி.
பூட்ஸுக்கு அடியில் ஆணிப்பட்டை.
மாமியார் நெய்த தரைவிரிப்பு, கால் தடுக்கும் என்று,
சுவரேறிவிட்டது.
"அம்மா இருந்திருந்தால்
உன்னைத்தான் ஆணியில் மாட்டியிருப்பாள்."

செவ்வாய்தோறும் பள்ளிக்கூட ஹாலில்
ஒன்பது பெண்கள், நான்.
கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழு, உட்கார், எழு.
எண்பது வயது ஆஸ்பியோர்க் பன்னிரண்டு கிலோ தூக்குகிறாள்.
என் நாலு கிலோவைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததால்தான்
அடுத்த வாரம் ஐந்துக்குப் போனேன்.

இந்த நவம்பரில் மறுபடி படம்.
கழித்தல் இரண்டு புள்ளி எட்டு.
டாக்டருக்குச் சந்தோஷம்.
எனக்குக் கருவிகளைத் தெரியும்:
அந்த ஒரு தசமம்
கருவியின் கைநடுக்கமாகவும் இருக்கலாம்.
"மேலும் இறங்கவில்லை, அது போதும்" என்றார்.
இதையே ஒரு கேப்டன் சொல்லியிருந்தால்
கப்பலைக் கரையில் கட்டிப்போட்டிருப்பேன்.

இப்போது பல் தேய்க்கும்போது
ஒற்றைக் காலில் நிற்கிறேன்.
கதவில் சாய்ந்து ஓட்னி எண்ணுகிறாள்.
இருபத்தேழு. இருபத்தெட்டு.
தொட்டி விளிம்பில் என் விரல்
லேசாகத் தொட்டுவிடுகிறது.
பார்த்துவிட்டாள்.
இருபத்தொன்பது என்கிறாள்.