நான்காம் மணி

நார்வா நகர நூலகம். மாடியில் ஏழாம் எண் கணினி.
ஜன்னலுக்கு வெளியே ஆறு, ஆற்றுக்கு அக்கரை வேறு நாடு.
ரயீசா கையுறையைக் கழற்றுவதற்குள்
திரை கேட்டுவிடுகிறது:
விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?

இருபத்திரண்டு வருடம் கொதிகலன் மேடையில் நின்றவள்.
உலையை அணைத்த அன்று
கையில் கொடுத்தார்கள்
ஒரு சான்றிதழும் இந்தக் கடவுச்சொல்லும்.

எஸ்தோனிய மொழித் தேர்வில் மூன்று முறை தோற்றாள்.
வேற்றுமை பதினான்காம் அதற்கு;
நம்மைப்போல் எட்டோடு நிறுத்தியிருக்கலாம்.
அவள் தடுமாறும்போதெல்லாம்
தேர்வாளர் மூக்கால் பெருமூச்சு விட்டார்.

இது மூச்சு விடுவதில்லை.
அடைப்புக்குறி மூடவில்லை என்கிறது,
மூடினால் மேலே போகிறது.
முதல் தவறுக்கும் நாற்பத்து மூன்றாம் தவறுக்கும்
அதே சிவப்பு, அதே எழுத்தளவு.
குறிப்பு வேண்டுமா?
வேண்டாம்.
குறிப்பு வேண்டுமா?
வேண்டாம் என்றேனே!
பக்கத்து மேசைப் பையன்
ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

இன்றைய பயிற்சி:
ஒரு கொதிகலனின் வெப்பம், மணிக்கு ஒரு அளவு. சராசரி காண்க.
512, 509, 514, -1, 511.

விரல் நின்றது.
-1 என்பது குளிர் இல்லை.
-1 என்றால் கம்பி அறுந்திருக்கிறது,
யாராவது விளக்கோடு ஏணியில் ஏற வேண்டும்.
ஏறியிருக்கிறாள், ஒரு பிப்ரவரி இரவில்.
இடது புருவத்தில் வடு இருக்கிறது.

-1 வந்தால் தாண்டிப் போ, என்று எழுதினாள்.
சிவப்பு.
எதிர்பார்த்தது 409. நீங்கள் தந்தது 511.5.

நானூற்று ஒன்பதா?
அந்தச் சூட்டில் சுழலி எப்படி ஓடும்?
மீண்டும் அனுப்பினாள், அதையே, ஒரு எழுத்தும் மாற்றாமல்.
மீண்டும் அதே சிவப்பு.

தேநீர் வாங்கி வந்து குடிக்க மறந்தாள்.
பச்சை வந்தால்தான் அடுத்த பாடம் திறக்கும்.
பாடம் முடிந்தால்தான் உதவித்தொகை.
கீழே ஒரு விளக்கை அணைத்துவிட்டார்கள்.

தாண்டும் வரியை அழித்தாள்.
எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்தாள்.
பச்சை.
திரை முழுக்கக் காகிதப் பூ தூவி
அருமை என்றது.

பிறகு,
இயந்திரம் படிக்காமல் கடந்துபோகும்
அந்த ஒற்றைக் குறியை வரியின் தலையில் வைத்து,
பணிப்பதிவேட்டில் எழுதிய அதே சுருக்கத்தில்
தன் மொழியில் எழுதினாள்:

நான்காம் மணி. கம்பி அறுந்திருக்கிறது.
ஆள் அனுப்பவும்.
19:52. ரயீசா.