கடன் வாங்கிக் கழித்தல்

முலாஞ்சே மலையடியில்
தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் அந்தப் பள்ளிக்கூடம்.
கல்வி அலுவலகத்தின் மோட்டார் சைக்கிளில்
வருஷத்துக்கு இரண்டு தடவை போவேன்,
பையில் பன்னிரண்டு பக்கப் படிவம்.
ஒரு பள்ளியின் தரத்தை
ஒன்றிலிருந்து நான்குக்குள் அடக்குவது என் உத்தியோகம்.

மூன்று வருஷம் முன்பு அங்கே புல்கூரை.
ஒழுகும். சுவரெல்லாம் கறையான்.
"மேம்பாடு தேவை" என்று எழுதியவன் நான்தான்.
தகரம் வந்தது, கோழி அடித்துச் சோறு போட்டார்கள்,
"மேம்பாடு நிறைவு" என்று எழுதியவனும் நான்தான்.
வெயில் நாளில் போய் எழுதினேன்.

இந்த பிப்ரவரியில் மூன்றாம் வகுப்பு.
நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்
தரையில், முழங்காலோடு முழங்கால் இடிக்க.
ஃபைனஸ் நமலோம்பா டீச்சர்
ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக என்று பலகையில் எழுதித்
திரும்பினார், வாய் திறந்தார்,
மழை விழுந்தது.

மழை என்றா சொன்னேன்?
லாரி லாரியாகச் சரளைக்கல்லை
என் கையெழுத்தின் மேல் கொட்டினார்கள்.

படிவத்தில் ஏழாவது கேள்வி:
ஆசிரியரின் குரல் கடைசி வரிசைவரை கேட்கிறதா?
முதல் வரிசையில் இருந்த எனக்கே கேட்கவில்லை.
பாடம் நின்றது என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

டீச்சர் சாக்பீஸை நீட்டினார்,
ஜன்னலோரம் இருந்த ஒரு சிறுமியிடம்.
சியோனே.
வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே
பென்சிலில் "காது கேளாது".
என் படிவத்தில் "சிறப்புத் தேவை: 1".

எழுந்து வந்த நடையில் அவசரமே இல்லை.
இரண்டைக் காட்டினாள். ஏழைக் காட்டினாள்.
உதட்டைப் பிதுக்கினாள், போதாது.
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி
ஐந்திடம் கையேந்தினாள்.
ஐந்து முகம் சுளித்தது, ஒன்றைக் கொடுத்துவிட்டு
நாலாய்ச் சுருங்கி உட்கார்ந்தது.
வாங்கிவந்த பத்தை இரண்டின் மடியில் போட்டாள்.

எந்தப் புத்தகத்துச் சைகையும் இல்லை.
சந்தையில் அண்ணன்களோடு தக்காளி விற்றபோது
விலை சொல்லப் பழகியவை.

வகுப்பின் கைகள் எல்லாம் எழுந்து
தட்டி, ஏந்தி, வாங்கி வந்தன.
கடைசி வரிசையில் ஒரு பயல் எட்டு விரல் காட்ட
அடுத்திருந்தவள் அதில் மூன்றை மடக்கினாள்.
டீச்சரும் கை தூக்கிப் படித்துக்கொண்டிருந்தார்.
இருபத்தைந்து.
நானும் கடன் கேட்கப் போயிருக்கிறேன் போல,
பேனா தரையில் கிடந்தது.

நாற்பது நிமிஷம். பிறகு மழை
சொல்லாமல் விட்டது.
சொட்டுகளுக்கு நடுவே டீச்சரின் குரல் திரும்பி வந்தது.
நூற்றுப் பதினொரு தலைகள்
அந்தக் குரலின் பக்கம் திரும்பின.
சியோனே சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு
ஜன்னலோரம் போய் உட்கார்ந்து
நனைந்த வாழையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வராந்தாவில் டீச்சர் சொன்னார்:
"அவள் கை பேசுவதில் பாதிதான் எனக்குப் பிடிபடுகிறது.
முறையாய்ச் சொல்லித்தர ஓர் ஆள் அனுப்புங்கள்,
அவளுக்கு இல்லை, எனக்கு.
கூரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
"பிற" என்ற இடத்தில் ஒன்றரை வரி இருந்தது.
எழுத்தைப் பொடிசாக்கி ஓரம்வரை எழுதினேன்.
ஏழாவது கேள்விக்கு "இல்லை" என்று எழுதினேன்.
பொய் எழுதத் தெரியாது எனக்கு.

அக்டோபரில் பதில் வந்தது.
"கேள்வி 7 கவனிக்கப்பட்டது.
சத்தம் தடுக்க உட்கூரைப் பலகைகள் அனுமதிக்கப்படுகின்றன.
மழைக்காலத்துக்கு முன் பொருத்தி முடிக்கவும்."
"பிற" பற்றி ஒரு வார்த்தை இல்லை.
மறுபடி எழுதினேன். மறுபடி இல்லை.

பலகைகள் கிடங்கில் அடுக்கியிருக்கின்றன.
லாரிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.
இன்று நவம்பர் ஒன்பது.
காலையிலிருந்து மலை உச்சி தெரியவில்லை.