அதே ஏழு எலுமிச்சை

காலினாவின் சமையல் மேடையில்
நீலக் கிண்ணத்தில் ஏழு எலுமிச்சை.
போன பிப்ரவரியிலிருந்து ஏழு.
முதலில் எண்ணியவள் மிர்கா,
வூட்ச் நகரத்துப் பல் மருத்துவமனையில்
வரவேற்பு மேசைக்காரி.
பிளாஸ்டிக் என்றாள்.
மெழுகு என்றாள் போக்னா.
இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.
மற்ற மூவரும் தூது போனோம்,
எலுமிச்சைக்காக.

இப்படித்தான் சேர்ந்தோம்.
ஒருவரை ஒருவர் பிடித்தல்ல,
ஒருத்தியைப் பிடிக்காமல்.

'எனக்கு எளிமை போதும்' என்று அவள் சொல்கையில்
பின்னால் மின்னும் காபி இயந்திரத்தின் விலையைக்
காசு சுத்தமாகச் சொன்னவள் நான்.
டோருனில் மருந்துக்கடை, இரவுப் பணி.
மூன்று மணிக்கு யாராவது
இருமிக்கொண்டே வந்து போனபின்
மறுபடி அவள் வீட்டுக்குள் நுழைவேன்.
என் வீட்டுக் கத்தரிக்கோல் எங்கே என்றால்
தேட வேண்டும்.
அவளுடையது
இரண்டாம் இழுப்பறை, இடப்பக்கம்,
மேசைத்துணிகளுக்கு அடியில்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம்.
கையால் பிசைந்து சுட்ட ரொட்டி என்பாள்,
அடியில் கடைச் சீட்டு ஒட்டியிருக்கும்.
கணவனின் முழங்கை
மூன்று வாரமாகப் படத்தில் இல்லை.
சிரிப்போம்.
அவ்வளவு சிரிப்பு என்னிடம் இருந்ததே
அதற்கு முன் எனக்குத் தெரியாது.
யாத்விகாவுக்குக் கருப்பை எடுத்த வாரம்
நாங்கள் அனுப்பிய பூச்செண்டு நடுவே
ஒரு நிஜ எலுமிச்சை.
'தையல் பிரிந்துவிடும், பாவிகளா'
என்று பதில் போட்டாள்.

காலினாவின் மகன் டிமோன் திக்குவான்.
ஒருநாள் ஜனெட்டா
அவனைப் போலவே பேசி அனுப்பினாள்.
நான் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.
'குழந்தையைத் தொடாதே' என்றாள் போக்னா.
'கடை பரப்பியவள் அவன் அம்மாதானே?'
'தொடாதே என்றேன்.'
விடிகாலையில்தான் சொன்னாள்,
தன் ஈவோவும் அப்படித்தான் என்று.
ஈவோ.
அந்தப் பெயரை அன்றுதான் கேட்கிறோம்.
டிமோனுக்கு முதல் பால்பல் விழுந்த தேதி
எங்கள் ஐவருக்கும் மனப்பாடம்.

அக்டோபரில் நேரில் பார்த்துக்கொண்டோம்.
க்டீனியா, ரயில் நிலையத்துக்கு எதிரே,
காற்று கதவைத் தள்ளிக்கொண்டே இருந்த உணவகம்.
முகங்களைக் கண்டதும் கூச்சம்.
எல்லோரும் மெனுவை ரொம்ப நேரம் படித்தோம்.
கடைசியாக வந்த போக்னா
கடுகு நிறக் கோட்டில் இருந்தாள்.
காலினா விற்ற கோட்டு.
'பதினைந்து சதவீதம் குறைத்தாளே,
குளிர்கிறதே எனக்கு?'
ஜனெட்டா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்,
ஆச்சரியம்தான்.
மிர்கா எழுந்து கடல் பக்கம் போனாள்.
சூப் ஆறியது.
அவள் வரவில்லை,
அதன்பின் எங்கள் பேச்சிலும் வரவில்லை.
என் ஜன்னலோரத்து நீலக் கிண்ணத்தைப் பற்றி
நான் வாயே திறக்கவில்லை.

இந்த மார்ச்சில் காலினா காணாமல் போனாள்.
முதல் நாள், ஓய்வெடுக்கிறாளாம் மகாராணி என்றோம்.
நான்காம் நாள் நகைச்சுவை தீர்ந்தது.
ஏழாம் நாள் ஜனெட்டா,
எங்களில் கூர் நாக்கு அவளுக்குத்தான்,
'தெரிந்தவர் யாரையாவது கேட்கலாமா?' என்றாள்.
யாரை?
அவளைத் தெரிந்தவர்கள் நாங்கள்தான்.
பதினோராம் நாள் யாத்விகா
தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு
எங்களிடம் திட்டு வாங்கினாள்.

பன்னிரண்டாம் இரவு வந்தாள்.
கண்ணுக்கடியில் கருமை,
பூச்சு கொஞ்சம் அதிகம்.
எங்கே போனாள் என்று சொல்லவில்லை.
புதுத் திரைச்சீலையைக் காட்டினாள்.
கேவலமான நிறம் என்றோம்,
நால்வரும் ஒரே நேரத்தில்,
அப்பாடா என்பதுபோல.

மூன்று பத்துக்கு
என் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது.
ஐந்து மாதத்துக்குப் பிறகு மிர்கா.
ஒரே ஒரு சொல்:
'ஆறு.'

திரும்பிப் போய் எண்ணினேன்.
ஆறு.

எதை எழுதுவது என்று
எழுதி எழுதி அழித்தேன்.
பிறகு கேட்டேன்:
'அப்படியானால் பிளாஸ்டிக் இல்லையே?'

அவள் தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள்.
கடை மணி அடித்தது,
யாருக்கோ இருமல்.