ஐந்து விரல் முயல்

பூம்பாறை அங்கன்வாடி, காலை பத்து மணி.
முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக்
கொண்டுவந்த டேப்லெட் நான்கு.
பாயில் ஏழு பேர்.
இருப்பதிலேயே மூத்தவருக்கு மூன்றரை வயது.

முயலைத் தொடு. இழு. வளையில் விடு.
கோவையில் ஏசி அறையில்
பெரியவர்கள் பதினோரு பேர்
ஆட்காட்டி விரலால் செய்து பார்த்து
'எளிது' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

இங்கே யாருக்கும் ஆட்காட்டி விரல்
தனியாக இல்லை.
குழந்தைவேல் உள்ளங்கையால் அறைந்தான்.
அவன் இடது கட்டைவிரல் திரையின் ஓரத்தைப் பிடித்திருக்க,
அதையே ஒரு தொடுதலாக எண்ணிக்கொண்டு
என் நிரல் செவிடாகிவிட்டது.
தன்யஸ்ரீ நக்கினாள்.
அது மட்டும் சரியாக வேலை செய்தது.

பூர்விதா முயலை ஐந்து விரலாலும் கவ்வி,
அவள் அம்மா பாத்தியில் பூண்டு பிடுங்குகிற மாதிரி,
மேலே இழுத்தாள்.
விரல்கள் கண்ணாடியை விட்டதும்
முயல் வழுக்கிப் போய்ப் பழைய இடத்தில் நின்றது.
டொய்ங். மறுபடி முயற்சி செய்.
அந்த டொய்ங்குக்கு நான் மூன்று நாள் செலவழித்தவன்.

அவள் காதில் அது விழவே இல்லை.
மூடிய கையோடு எழுந்து,
ராக்கம்மாள் டீச்சரின் முட்டைக் கூடையைச் சுற்றிப் போய்,
வாசலில் குந்தி,
விரல் விரலாகத் திறந்தாள்.
புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"போயிடுச்சு" என்றாள், எனக்குத் தகவலாக.

அன்றிரவு கொடைக்கானல் லாட்ஜில்
கம்பளிக்குள் உட்கார்ந்து அழித்தேன்:
டொய்ங்கை, அம்புக்குறியை,
பத்து நொடி சும்மா இருந்தால் அதட்டும் குரலை.
ஓரத்துக் கட்டைவிரலைக் கண்டும் காணாமல் இரு
என்று திரைக்குச் சொன்னேன்.
ஐந்து விரல் சேர்ந்து தூக்கினால் முயல் போய்விட வேண்டும்.
கை திரும்பும்வரை திரை காலியாக இருக்கலாம்.
காலி என்பது பிழை அல்ல,
இதை எழுதத்தான் விடிந்துவிட்டது.

மறுநாள் தூக்கினாள். போனது.
வெளியே கொண்டுபோய் விட்டாள்.
பிறகு சத்துமாவு உருண்டை வந்தது, மறந்தே போனாள்.
காலித் திரையை ஜன்னலோரம் வைத்துவிட்டு
நானும் ஒன்று தின்றேன்.

பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து
கம்பி வழியே உள்ளே நுழைந்தது.
கண்ணாடியில் நீர் கோத்து,
ஒரு துளி கனத்து, ஓடியது.
திரை நடுவில் முயல் நின்றது.

பதிவில் பார்த்தேன்:
தொடுதல் ஒன்று. விரல் பூஜ்யம்.
சரிசெய்ய வேண்டியவை என்ற பட்டியலில்
பேனாவால் சேர்த்துக்கொண்டிருந்தபோது
பூர்விதா வந்து அதன் முதுகில் கை வைத்து,
"நனைஞ்சிருக்கு" என்றாள்.

அந்த வரியை அடித்துவிட்டேன்.