விசாரணை ஜன்னல், சேலம் ஜங்ஷன்

மூன்று மணி நாற்பது நிமிடம் தாமதம் என்றேன்.
கோபப்படவில்லை அந்த அம்மாள்.
கையில் ஒரு பையன், தோளில் ஒரு பை.
"அதுவரைக்கும் இந்த ஊர்ல
பார்க்க என்ன இருக்கு, சாப்பிட என்ன இருக்கு?"

பதினேழு வருஷம் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால்.
எந்தப் பிளாட்பாரம், எஸ் ஏழு எங்கே நிற்கும்,
கழிவறை எந்தப் பக்கம் என்பார்கள்.
ஊரைக் கேட்டவர் இல்லை.
எல்லாருக்கும் சேலம்
ஐந்து நிமிடம் நிற்கிற ஊர்.

ஏற்காட்டுக்கு நேரமில்லைம்மா.
இருபது கொண்டை ஊசி வளைவு,
ஏறி இறங்குவதற்குள் வண்டி ஜோலார்பேட்டை தாண்டிவிடும்.
நடைமேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள்,
நீலமாய்ப் படுத்திருப்பதுதான் சேர்வராயன்.
மேகம் உட்கார்ந்திருந்தால்
அங்கே குளிர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செலவில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்கு ஆட்டோ பிடியுங்கள்.
இருநூறு கேட்பான். நூற்றிருபது என்று சொல்லிவிட்டு நடங்கள்,
பின்னாலேயே வருவான்.
வெள்ளிப் பட்டறைத் தெருவில்
சும்மா நின்றாலே போதும்.
இன்னும் எந்தக் காலுக்கும் போகாத கொலுசுகள்
வீட்டுக்கு வீடு சிணுங்கும்.
வாங்க வேண்டாம். விலை கேட்டால் தப்பில்லை.

ஓட்டலுக்குள் மட்டும் நுழையாதீர்கள்,
பிரியாணி உங்கள் ஊரிலும் உண்டு.
நாலு மணிக்கு மேல் மாரியம்மன் கோயில் தாண்டி
மாதையன் தள்ளுவண்டி.
தட்டுவடை செட் என்று சொன்னால் போதும்.
ரெண்டு தட்டுவடைக்கு நடுவே
பீட்ரூட், கேரட், வெங்காயம்,
பச்சைச் சட்னி ஒரு சொட்டு,
சிவப்பு தாராளமாய்.
முழுசாய் வாய்க்குள் தள்ளுங்கள்.
கடித்துச் சாப்பிடுகிறவரை
வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவோம்.

"மாம்பழம்?" என்றான் பையன்.
இது ஐப்பசி, கண்ணு.
சித்திரையில் இன்னொரு தாமதமான வண்டியில் வா.

"என் ரயிலைச் சொல்லுங்கம்மா" என்று
வரிசையில் ஒரு குரல் வெடித்தது.
நான்காம் பிளாட்பாரத்து வண்டிக்கு
இரண்டு என்றேன்.
பிறகு மைக்கில் திருத்தினேன்.

ஐந்தேகாலுக்கு கன்ட்ரோலில் இருந்து போன்.
வண்டி ஐம்பது நிமிடம் மீட்டுவிட்டதாம்.
யாருடைய ஐம்பது நிமிடம்?
மூன்று மொழியில் அறிவித்தேன்.
எந்த மொழியும் செவ்வாய்ப்பேட்டைவரை கேட்காது.

சிக்னல் விழுந்தது. எஞ்சின் தெரிந்தது.
பெட்டிகள் ஒவ்வொன்றாய் நின்றன.
அப்போதுதான் ஓடி வந்தார்கள்,
பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.
பையன் சட்டை மார்பில்
உள்ளங்கை அகலத்துக்குக் கறை.
பச்சை.

மாதையன் பச்சையை அளந்து விடுகிறவன்.
இது அவன் கையில்லை.

ஜன்னலின் அரைவட்டத் துளையில்
வாயை வைத்துக் கத்தினாள்:
"நீங்க சொன்ன ஆள் கடை போடலை!
எதிர்ச் சந்துல, நீலக் குடை, ஒரு பொம்பளை.
மாங்காய் துருவிப் போடறா,
போய்ச் சாப்பிடுங்க!"

ஐப்பசியில் மாங்காயா?

எட்டு மணிக்கு டூட்டி முடிந்தது.
வீட்டுப் பேருந்து வந்து நின்றது, விட்டுவிட்டேன்.
ஆட்டோக்காரன் இருநூறு கேட்டான்.
நடக்க ஆரம்பித்தேன்.
பின்னால் யாரும் வரவில்லை.
திரும்பிப் போய்
இருநூறுக்கே ஏறிக்கொண்டேன்.